நடுவில் இருக்கும் ஓட்டை: த்சுபா சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு

ஜப்பானிய வாளில் அலகு முடிந்து பிடி தொடங்கும் இடத்தில் குறுக்கே ஒரு தட்டு உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் வட்டம், சதுரமும் உண்டு, நான்கிதழ்ப் பூ மாதிரி வளைந்ததும் உண்டு. குறுக்களவு ஏழெட்டு சென்டிமீட்டர், கனம் நான்கைந்து மில்லிமீட்டர். உள்ளங்கையில் அடங்கிவிடும். இதன் பெயர் த்சுபா.

வேலை எளிமையானதுதான். குத்தும்போது கை வழுக்கி அலகின் மேல் போகக்கூடாது, எதிராளியின் வாள் சறுக்கி வந்து விரலில் இறங்கக்கூடாது, வாளின் எடை கொஞ்சம் பிடிப்பக்கம் வரவேண்டும். இன்னொன்றும் உண்டு. உறையில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும் வாளை உருவும் முன் சாமுராய் இடது கட்டைவிரலால் இந்தத் தட்டைத்தான் முன்னால் தள்ளுவார். குரோசாவா படங்களில் அந்தச் சின்ன அசைவைப் பார்த்திருப்பீர்கள். சண்டை அங்கேயே தொடங்கிவிடும்.

ஜப்பானிய மொழியிலும் இந்தத் தட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தேர்தலில் இரண்டு வேட்பாளர்களுக்கு இடையே இழுபறி என்றால் அங்கத்திய செய்தித்தாள் 'த்சுபாஸெரியாய்' என்று எழுதும். இரண்டு வாள்களின் தட்டுகள் முட்டி நெருக்கி நிற்கிற நிலை அது. தட்டின் இரு பக்கமும் வரும் மெல்லிய வாஷருக்கு 'ஸெப்பா' என்று பெயர். அது சிக்கி இறுகிவிட்டால் வாள் அசையாது. வேறு வழியே இல்லாமல் மாட்டிக்கொண்டேன் என்பதற்கு 'ஸெப்பா இறுகிவிட்டது' என்பார்கள். வாளைக் கண்ணால் பார்க்காத ஆபீஸ்காரர்கள், ரிலீசுக்கு முந்தின நாள் ராத்திரி இதைச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

என்னிடம் இப்போது ஐந்து த்சுபாக்கள் இருக்கின்றன. பெரிய சேகரிப்பு இல்லை. ஆனால் ஒவ்வொன்றையும் வாங்கும் முன் பல மாதம் படித்துத்தான் வாங்கினேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை எல்லாம் பள்ளிகளின் பட்டியலாகவும் கலைஞர் பெயர்களின் பட்டியலாகவுமே இருக்கிறது. ஓவாரி, அகாசாகா, ஹிகோ, ஷோவாமி, கோதோ என்று மனப்பாடம் செய், கையொப்பத்தைப் படிக்கக் கற்றுக்கொள் என்கிறார்கள். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் என் அபிப்பிராயம், பார்வை முதலில் போகவேண்டிய இடம் வேறு. சித்திரமும் இல்லை, தங்கமும் இல்லை, கையொப்பமும் இல்லை. நடுவில் இருக்கும் ஓட்டை.

அலகின் வால் பகுதி பிடிக்குள் நுழைவதற்காக நடுவில் முக்கோணம் போல நீண்ட ஒரு துளை இருக்கும். வாளின் கூர்ப்பக்கம் வரும் முனை குறுகலாக இருக்கும். இதற்கு 'நகாகோ-அனா' என்று பெயர். அதன் பக்கத்தில் ஒன்றோ இரண்டோ சின்னத் துளைகள் இருக்கலாம். உறையின் பக்கவாட்டில் செருகி வைத்திருக்கும் 'கோசுகா' என்ற குட்டிக் கத்திக்கு ஒன்று, 'கோகாய்' என்ற தலைமுடி ஒதுக்கும் ஊசிக்கு ஒன்று. கத்திக்கானது அரைவட்டம், ஊசிக்கானது மூன்று வளைவுகள் சேர்ந்த மாதிரி இருக்கும். நடுத்துளையைச் சுற்றி முட்டை வடிவில் ஒரு வெறும் இடம் விட்டிருப்பார்கள். வாஷர் அங்கேதான் உட்காரும். கையொப்பமும் பெரும்பாலும் அங்கேதான். வாளைப் பூட்டிய பிறகு கையொப்பம் கண்ணுக்குத் தெரியாது. இதை யோசித்துப் பாருங்கள். கைவினைஞர் தன் பெயரை வெட்டியது வாளைக் கழற்றிப் பார்ப்பவர்களுக்காக மட்டும்தான்.

ஒவ்வொரு அலகின் வாலும் ஒவ்வொரு அளவு. ஒரு த்சுபாவை ஒரு வாளிலிருந்து எடுத்து இன்னொன்றில் போடும்போது துளை பொருந்தாது. சின்னதாக இருந்தால் அரத்தால் ராவிப் பெரிதாக்குவார்கள். பெரிதாக இருந்தால் மேலும் கீழும் செம்புத் துண்டுகளை அடித்துப் பொருத்துவார்கள். அதற்கு 'ஸெகிகானே' என்று பெயர். இல்லாவிட்டால் துளையின் ஓரத்தை உளியால் தட்டி உலோகத்தை உள்ளே தள்ளி இறுக்குவார்கள். பக்கத்துத் துளை தேவையில்லை என்றால் ஈயத்தால் அடைத்துவிடுவார்கள், கொஞ்சம் வசதி இருந்தால் ஷாகுதோவால், இன்னும் வசதி இருந்தால் தங்கத்தால். பழைய தட்டுகள் சிலவற்றில் முதலில் பக்கத்துத் துளையே இருக்காது, நூறு வருஷம் கழித்து யாரோ வெட்டியிருப்பார்கள். அப்போது மூலச் சித்திரத்தில் ஒரு பூவோ பறவையின் இறக்கையோ பாதியில் அறுந்திருக்கும்.

எங்கள் தொழிலில் ஒரு நிரலில் யார் எப்போது கை வைத்தார்கள் என்பதை கமிட் ஹிஸ்டரியில் பார்ப்போம். இங்கே அது இந்த ஓட்டையைச் சுற்றியே எழுதியிருக்கிறது.

நான் முதலில் வாங்கியது கையொப்பமில்லாத ஓர் இரும்புத் தட்டு. யோகோஹாமாவில் ஒரு புராஜெக்டுக்காக இருந்தபோது ஒரு வயதான வியாபாரியிடம் வாங்கியது. சக்கரம் மாதிரி குடைந்து வெட்டிய எளிய வேலைப்பாடு. அதே மேஜையில் தங்கப்பூச்சு போட்ட டிராகன் ஒன்று பளபளவென்று கிடந்தது, விலையும் அதற்குக் குறைவு. வியாபாரி எனக்காக டிராகனைத்தான் முதலில் எடுத்துக் கொடுத்தார். நான் இரும்பைக் கையில் எடுத்துத் திருப்பி ஓட்டையைப் பார்க்க ஆரம்பித்ததும், "சான், நீங்க வாள் பார்க்கிறவரா?" என்று கேட்டுவிட்டு டிராகனை மெதுவாக உள்ளே வைத்துவிட்டார். அந்த இரும்புத் தட்டில் மேலே ஒரு செம்புத்துண்டு, கீழே ஒரு செம்புத்துண்டு, இரண்டும் வேறு வேறு நிறம். மேல்துண்டைச் சுற்றி உளித்தடங்கள் மூன்று. ஒரு பக்கத்துளை ஈயத்தால் அடைபட்டிருக்கிறது. குறைந்தது இரண்டு வாள்களிலாவது இது வாழ்ந்திருக்கிறது. யாருடையவை, எந்த ஊரில் என்பதற்குத் தடயம் ஏதும் இல்லை. ஆனால் இது அலங்காரத்துக்காகச் செய்து அலமாரியில் வைத்த பொருள் இல்லை என்பதற்கு அந்த மூன்று உளித்தடங்கள் போதும்.

சரி, வாளில் இருக்கவேண்டிய தட்டு ஏன் தனியாகச் சந்தைக்கு வந்தது? சேகரிப்பவர் கேட்கவேண்டிய கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்.

அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். 1600இல் செகிகஹாரா போர், 1603இல் டோகுகாவா ஆட்சி. அதற்கு அப்புறம் இரண்டரை நூற்றாண்டுகள் ஜப்பானில் பெரிய போர் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் சாமுராய்கள் இருந்தார்கள், இடுப்பில் பெரிய வாளும் சின்ன வாளும் இருந்தன. வெட்டுவதற்கு ஆள் இல்லாத வாள் மெல்ல மெல்ல அந்தஸ்தின் அடையாளமாக மாறியது. அதற்கு முந்தைய காலத்துத் தட்டுகள் பெரும்பாலும் இரும்பு. அடித்து, குடைந்து, அவ்வளவுதான். போர்க்காலத்தின் கடைசியில் நொபுஇயே, புஷிமி ஊர்க்காரர் கனேஇயே போன்றவர்கள் அந்த இரும்பைச் சித்திரமாகவே மாற்றினார்கள். கனேஇயேவின் தட்டுகளில் மலையும் ஆறும் தனியாக நிற்கும் ஒரு மனிதரும் வருவார்கள், மை ஓவியம் மாதிரி.

அமைதிக்காலத்தில் தங்கமும் வெள்ளியும் செம்புக் கலவைகளும் வந்தன. கோதோ குடும்பம் பதினேழு தலைமுறை இந்தத் தொழிலில் இருந்தது. முதல்வர் கோதோ யூஜோ (1440–1512) அஷிகாகா ஷோகனிடம் வேலை பார்த்தவர். பின்னால் வந்தவர்கள் டோகுகாவாக்களுக்கு 'ஓபான்' என்ற பெரிய தங்க நாணயத்தை அச்சிடும் பொறுப்பையும் வைத்திருந்தார்கள். அவர்களுடைய வேலை கட்டுக்கோப்பானது: கறுப்பு ஷாகுதோ தளத்தில் மீன்முட்டை மாதிரி ஆயிரக்கணக்கான புள்ளிகள், ஒவ்வொன்றும் தனியாக உளியால் அடித்தது, அதன்மேல் தங்க உருவம். ஷாகுதோ என்பது செம்பில் சில சதவீதம் தங்கம் கலந்தது. பார்த்தால் வெறும் செம்புதான். அதைத் துருவிய முள்ளங்கிச் சாறில் தோய்த்து, செம்பு உப்புகள் கரைத்த கரைசலில் கொதிக்க வைத்தால் ஊதா கலந்த கறுப்பு மேலே ஏறும். தங்கத்தைச் சேர்த்துக் கறுப்பை வரவைக்கிறார்கள்! நம் வீட்டுப் பெரியவர்களிடம் சொன்னால் பைத்தியம் என்பார்கள். 'ஷிபுஇச்சி' என்று இன்னொரு கலவை. பெயருக்கு நாலில் ஒன்று என்று அர்த்தம், மூன்று பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளி. சாம்பல் நிறம் வரும்.

யோகோயா ஸோமின் (1670–1733) கோதோ பாணியை விட்டு வெளியே வந்து, தூரிகைக் கோடு போலவே உளியால் இழுத்தார். சாமுராய் அரண்மனைக்கு வேலை செய்யாமல் நகரத்து மக்களுக்குச் செய்தவர்களை 'மாச்சிபோரி' என்றார்கள், தெருச் செதுக்கர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு வாள் அணிவது சாமுராய்க்கு மட்டும். ஆனால் பணக்கார வணிகர் சின்ன வாள் ஒன்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் சின்ன வாளின் தட்டில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்பதுதான் அவருக்குப் பெருமை. சாமுராயோ ஷோகனின் கோட்டைக்குள் சம்பிரதாய உடையில் போகும்போது வெறும் மழமழ ஷாகுதோத் தட்டோடு போகவேண்டும். ஆக, அதிகம் மினுக்கும் த்சுபா பெரிய போர்வீரனுடையது என்று நினைத்தால் பல சமயம் அது தலைகீழ்.

இந்த இடத்தில் ஹிகோ நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இன்றைய குமாமோத்தோ. அங்கே பிரபுவாக இருந்த ஹொசொகாவா குடும்பத்தின் தடாஓகி, தேநீர்ச் சடங்கின் ஆசான் சென் நோ ரிக்யூவின் நேரடிச் சீடர். அந்த ரசனை அவருடைய ஊர்க் கொல்லர்களின் கைக்கு இறங்கியது. ஹயாஷி மாதாஷிச்சி துப்பாக்கி செய்யும் குடும்பத்தில் வந்தவர். அவருடைய கறுத்த இரும்பைப் படத்தில் பார்த்தாலே கை நீளும். எனக்குக் கட்டுப்படியாகாத விலை, அதனால் படத்தோடு சரி. மியாமோத்தோ முஸாஷியும் கடைசிக்காலத்தில் 1640இலிருந்து குமாமோத்தோவில்தான் இருந்தார். இரண்டு பெரிய துளைகள் மட்டும் வெட்டிய 'கடல் வெள்ளரி' வடிவத் தட்டு அவர் வடிவமைத்தது என்று மரபு சொல்கிறது.

குமாமோத்தோவைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 1868இல் மெய்ஜி ஆட்சி வந்தது. 1873இல் கட்டாய ராணுவ சேவை. விவசாயி மகனும் துப்பாக்கி பிடிக்கிறான், சாமுராய் என்று தனியாக ஒரு வகுப்பு எதற்கு? 1876 மார்ச் 28ஆம் தேதி வாள் அணியத் தடை. ராணுவம், போலீஸ், அரசு விழா உடை தவிர யாரும் இடுப்பில் வாள் வைக்கக்கூடாது. அதே வருஷம் ஆகஸ்டில் சாமுராய்களுக்குப் பரம்பரையாக வந்த மானியத்தைக் கட்டாயமாகக் கடன்பத்திரமாக மாற்றினார்கள். வாளும் போச்சு, சம்பளமும் போச்சு, ஐந்தே மாதத்தில். அக்டோபரில் குமாமோத்தோவில் ஷின்பூரென் என்ற சிறு கூட்டம் எழுந்தது. துப்பாக்கி அந்நியப் பொருள் என்று அதைத் தொடாமல் வாளும் ஈட்டியும் ஏந்தி ராணுவ முகாமுக்குள் ராத்திரி புகுந்தார்கள். மாகாண ஆளுநரும் படைத்தலைவரும் கொல்லப்பட்டார்கள். விடிவதற்குள் கலகமும் முடிந்துவிட்டது.

மிச்சம் இருந்த லட்சக்கணக்கான சாமுராய் குடும்பங்கள் சண்டைக்குப் போகவில்லை. அடகுக்கடைக்குப் போனார்கள். வாளை அப்படியே வாங்க ஆள் குறைவு. ஆனால் கப்பலில் வந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு அந்தச் சின்னத் தட்டு பிடித்தது. பெட்டியில் அடங்கும், எடை இல்லை, சித்திரம் இருக்கிறது. வியாபாரிகள் வாளைக் கழற்றினார்கள். தட்டு ஒரு பக்கம், பிடியின் மேலிருந்த சின்ன உருவங்கள் ஒரு பக்கம், குட்டிக் கத்தி ஒரு பக்கம், அலகு ஒரு பக்கம். ஒரு ஜோடி வாளுக்காக ஒரே கையால் செய்த பெரிய தட்டும் சின்னத் தட்டும் இன்று இரண்டு கண்டங்களில் கிடக்கலாம்.

செய்தவர்களின் கதை இன்னும் மோசம். கானோ நாத்சுவோ (1828–1898) அந்தக் காலத்தின் தலைசிறந்த செதுக்கர். வாள் தடை வருவதற்கு முன்பே அரசு அவரைக் கூப்பிட்டுப் புதிய நாணயங்களுக்கு அச்சு செதுக்கச் சொன்னது. 1871இல் ஒசாகா நாணயசாலை திறந்தபோது வந்த டிராகன் யென் அவர் வடிவம். அதற்கான இயந்திரங்கள் மூடப்பட்ட ஹாங்காங் நாணயசாலையிலிருந்து விலைக்கு வாங்கியவை. கை ஜப்பானியக் கை. நாணயம் சேகரிக்கும் நண்பர்களிடம் அந்த வெள்ளி யென் இருந்தால் லென்ஸ் வைத்து டிராகனின் செதில்களைப் பாருங்கள், ஒரு த்சுபா செதுக்கரின் உளி தெரியும். அவர் பின்னாளில் டோக்கியோ நுண்கலைப் பள்ளியில் பேராசிரியர் ஆனார். எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. பலர் ஏற்றுமதிக்குப் பூச்சாடி, சிகரெட் பெட்டி என்று போனார்கள்.

வாங்கியவர்கள் யார் என்று பார்த்தால் எனக்கு ஒரு விஷயம் வேடிக்கையாக இருக்கிறது. எதுவார்தோ கியோசோனே என்ற இத்தாலியர் 1875இல் ஜப்பான் அரசின் அச்சகத்தில் ரூபாய்நோட்டுத் தகடு செதுக்க வந்தவர். சக்கரவர்த்தி மெய்ஜியின் புகழ்பெற்ற உருவப்படம் அவர் வரைந்ததுதான். டோக்கியோவிலேயே இறந்தார், அவர் சேர்த்த த்சுபாக்கள் இன்று ஜெனோவாவில் அவர் பெயரில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியனுக்குத் தன் த்சுபாக்களை விட்டுப்போன சர் ஆர்தர் சர்ச் ஒரு வேதியியலாளர். பறவை இறகின் சிவப்பு நிறமியில் செம்பு இருக்கிறது என்று கண்டவர். பாஸ்டனின் வில்லியம் ஸ்டர்ஜிஸ் பிகலோ மருத்துவம் படித்தவர். ஹாம்பர்க் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த ஹாரா ஷின்கிச்சி என்ற ஜப்பானியர் 1902இல் செதுக்கர்களின் பெயர்களையும் கையொப்பங்களையும் தொகுத்து ஜெர்மனில் நூல் போட்டார். கலை ரசிகர்கள் மட்டும் இல்லை, கையால் அல்லது சோதனைக்குழாயால் உலோகத்தைப் புரிந்துகொள்ள முயன்றவர்கள் இதில் விழுந்திருக்கிறார்கள்.

இந்தக் கதை சேகரிப்பவருக்கு எதற்கு? இப்படி ஒரு சந்தை உருவானால் போலியும் கூடவே வரும். அதுவும் 1876க்கு அப்புறம்தான் ஆரம்பம் என்று நினைக்கவேண்டாம். ஹிகோனே ஊரின் ஸோதென் என்பவர் சீனத்துப் போர்வீரர்களும் ஞானிகளும் நெரிசலாக நிற்கும்படி குடைந்த தட்டுகளைச் செய்தார். அது நன்றாக விற்றது. உடனே வேறு ஊர்களிலும் அதே மாதிரி செய்து அதே பெயரை வெட்ட ஆரம்பித்தார்கள். இன்று சந்தையில் 'ஸோதென்' என்று எழுதிய தட்டு வந்தால் அது ஒரு பிராண்டின் பெயர் என்று எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். நொபுஇயே பெயரிலும் ஏகப்பட்டவை. உண்மையான நொபுஇயேவே ஒருவர் இல்லை, குறைந்தது இருவர் என்று எழுத்து வெட்டிய விதத்தை வைத்துப் பிரிக்கிறார்கள். பெயரை வெட்டுவது சுலபம், ஐந்து நிமிஷ வேலை. இருநூறு வருஷம் வாளோடு உரசின ஓட்டையைச் செய்வது அவ்வளவு சுலபம் இல்லை.

வார்ப்பில் எடுத்த நகல்களைக் கண்டுபிடிக்கவும் ஓட்டைகள்தான் உதவும். குடைந்த இடங்களின் உட்சுவரை லென்ஸில் பாருங்கள். அச்சு சேர்ந்த கோடு ஓடுகிறதா, குமிழிக் குழிகள் இருக்கின்றனவா? அடித்த இரும்பில் அரத்தின் தடமோ உளியின் தடமோ இருக்கும். பழைய இரும்புத் தட்டின் விளிம்பில் சில சமயம் முண்டும் முடிச்சுமாகக் கடினமான எஃகு துருத்திக்கொண்டிருக்கும். 'தெக்கோத்சு', அதாவது இரும்பின் எலும்பு என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். நூலில் தொங்கவிட்டுத் தட்டினால் அடித்த இரும்பு கணீரென்று பேசும், வார்ப்பு மொத்தென்று சொல்லும் என்பார்கள். இதை மட்டும் நம்பி முடிவெடுக்க நான் சொல்லமாட்டேன். நடுத்துளையில் எந்த வாளும் ஏறின அடையாளமே இல்லை, ஓரங்கள் கூராக அப்படியே இருக்கின்றன என்றால் இரண்டு அர்த்தம்: அபூர்வமாகப் பயன்படுத்தாமல் வைத்தது, அல்லது சுற்றுலாப் பயணிக்காகச் செய்தது. இரண்டாவதே அதிகம். 1948இல் தொடங்கிய ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் தட்டுகளைப் பரிசோதித்துச் சான்றிதழ் தருகிறது. காசு கொஞ்சம் கூடினாலும் முதல் ஒன்றிரண்டைச் சான்றிதழோடு வாங்குவது நல்லது. கையில் ஒரு நிஜம் இருந்தால்தான் மற்றதை ஒப்பிட முடியும்.

பழைய கதை என்று நான் சொன்ன கழற்றும் வேலை இன்றும் நடக்கிறது. முழு அணிகலன்களோடு இருக்கும் வாளை விட, பிரித்துத் தனித்தனியாக விற்றால் காசு அதிகம் வரும் சந்தர்ப்பங்கள் உண்டு. நூற்றைம்பது வருஷம் தப்பித்து ஒன்றாக இருந்த குடும்பத்தை ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஸ்க்ரூடிரைவரால் பிரித்துவிடுவார்கள். வாங்குகிறவர் நாம்தான். அதனால் எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன். ஒரே விற்பனையாளரிடம் ஒரே வாரத்தில் ஒரே கருப்பொருளில் தட்டு, பிடிவளையம், குட்டிக் கத்தி எல்லாம் தனித்தனியாக ஏலத்துக்கு வந்தால் தொடுவதில்லை. வாஷர் உட்கார்ந்த இடம் மட்டும் புதுசாகப் பளிச்சென்று, சுற்றிலும் பழைய தூசி இருந்தால் கேள்வி கேட்பேன். பதில் வராவிட்டால் விட்டுவிடுவேன். போன வருஷம் நாரைகள் பறக்கும் ஒரு ஷாகுதோத் தட்டை இப்படித்தான் விட்டேன். அருமையான தட்டு, விலையும் கைக்கு எட்டியது. இன்னும் நினைவில் நிற்கிறது. பழையபடி தனியாகவே நூறு வருஷம் அலைந்தவை ஏராளமாக இருக்கின்றன. அநாதைகளிலேயே தேடினால் போதும்.

இன்னொரு விதத்திலும் நாம் அழிக்கிறோம்: சுத்தம் செய்வது. நம்மூர் மனசுக்குப் பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால்தான் திருப்தி. இங்கே அது கூடவே கூடாது. இரும்புத் தட்டின் கரும்பழுப்புப் படலம், கொல்லர் வேண்டுமென்றே ஏற்றிய துரு. அதன்மேல் தலைமுறைகளின் கை எண்ணெய் ஏறியிருக்கிறது. ஷாகுதோவின் கறுப்பு ஒரு முடியளவுகூடக் கனமில்லாத தோல். பாலிஷ் போட்டால் ஐந்து நிமிஷத்தில் கீழே வெறும் செம்பு வந்துவிடும், திரும்ப வராது. இரும்பில் புதுச் சிவப்புத் துரு வந்தால் மட்டும் மான்கொம்பு அல்லது எலும்புத் துண்டால் பொறுமையாகச் சுரண்டி, பருத்தித்துணியால் தேய்ப்பார்கள். வாரக்கணக்கில் வேலை. கம்பிநார், துரு நீக்கும் திரவம், எலுமிச்சை எதுவும் வேண்டாம்.

'நன்பன்' த்சுபா என்று ஒரு வகை இருக்கிறது. தமிழ்க் காதுக்கு நண்பன் என்றுதான் கேட்கும். ஜப்பானியத்தில் அதன் அர்த்தம் 'தெற்கத்திக் காட்டுமிராண்டி'. தெற்குக் கடல்வழி வந்த போர்த்துக்கீசியர்களுக்கு வைத்த பெயர். கொடிச்சுருளும் ஒல்லி டிராகன்களும் பின்னிப் பின்னி ஓடும் இந்தத் தட்டுகள் சீனம், ஐரோப்பா, தென்கிழக்கு ஆசியா எல்லாவற்றின் வாடையும் கலந்தவை. சில ஜப்பானுக்கு வெளியே செய்யப்பட்டு இறக்குமதியானவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சோழமண்டலத் துணி ஜப்பானுக்குப் போனதும் இதே கடல் வணிகத்தில்தான். கோடு போட்ட ஒரு பருத்தித்துணிக்கு ஜப்பானியத்தில் 'சாந்தோமே' என்று பெயர். மயிலாப்பூரின் சாந்தோம்தான் அது. உடனே தமிழ் எஃகில் செய்ததுதான் சாமுராய் வாள் என்று வாட்ஸ்அப் பார்வர்டு தயார் பண்ணவேண்டாம். துணி போனது, பெயர் தங்கியது, அவ்வளவு. எனக்கு அதுவே போதுமான ஆச்சரியம்.

தொடங்க நினைப்பவர்கள் முதல் ஆறு மாதம் எதையும் வாங்காமல் பாருங்கள். பாஸ்டன், நியூயார்க் மெட்ரோபாலிடன், பிரிட்டிஷ் மியூசியம் ஆகியவை நல்ல தெளிவான படங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. பெரிதாக்கி நடுத்துளையைப் பாருங்கள், சின்னச் செம்புத்துண்டுகளை எண்ணுங்கள், எந்தத் துளை பின்னால் வெட்டியது என்று ஊகியுங்கள். பின்பக்கப் படமும் இருந்தால் இன்னும் நல்லது. ஐம்பது, அறுபது பார்த்த பிறகு கண் தானாகப் பழகிவிடும். வாங்கும்போது கையொப்பமில்லாத இரும்பில் தொடங்குங்கள். சுமாரான ஒன்று நடுத்தர செல்போன் விலைக்குள் வரும், போலி செய்வதால் பெரிய லாபமும் இல்லை. அலகுக்கு ஜப்பானில் பதிவுச்சான்று, ஏற்றுமதி அனுமதி என்று சட்டம் உண்டு. தட்டுக்கு அந்தப் பதிவு கிடையாது, தபாலிலேயே வரும். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழம்பொருளுக்குச் சுங்கத்தில் 9706 என்று தனித் தலைப்பு இருக்கிறது. விற்பவரிடம் வயதைக் குறிப்பிட்டு பில் போடச் சொல்லுங்கள். 'வாள் பாகம்' என்று மட்டும் பார்சல் மேல் எழுதினால் பார்சல் எங்கேயோ ஒரு மேஜையில் தூங்கும்; வாங்கின சந்தோஷம் எல்லாம் போய்விடும்.

சென்னையில் வைத்திருப்பவர்களுக்கு எதிரி ஒன்றுதான், கடற்காற்று. ஜப்பானில் இதற்கென்று கிரி மரத்தில் எடையில்லாத பெட்டி செய்வார்கள், தட்டின் நடுத்துளைக்குள் நுழையும் மரமுளையோடு. அதையே காற்றுப் புகாத டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பையோடு வைக்கிறேன். வாரம் ஒரு முறை எடுத்துப் பழைய வேட்டித் துணியால் இரும்பை மட்டும் தேய்ப்பேன். ஷாகுதோவை விளிம்பில் பிடித்துப் பார்ப்பதோடு சரி. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் வாரம் இரண்டு முறை.